ஹோசலில் ஆடும் ஷாஃப்டை நேராக உட்கார வைப்பது

கோல்ஃப் மட்டையின் தண்டை (ஷாஃப்ட்), பந்தை அடிக்கும் தலையில் (ஹெட்) அது செருகப்படும் கழுத்துத் துளைக்குள் (ஹோசல்) விட்டதும் வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கிவிட்டால் பலருக்கு மகிழ்ச்சி. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஷாஃப்டின் நுனி துளையைவிட மெலிந்தது என்று பொருள். கோல்ஃப் மட்டைகளை வீட்டிலேயே பிரித்து மாட்டத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஹெட் ஒரு மட்டையுடையது, ஷாஃப்ட் இன்னொன்றுடையது, இரண்டும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை அல்ல.

என் முதல் முயற்சியில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். இடைவெளி இருக்கிறதா, எப்பாக்ஸிப் பசையைக் கூடுதலாக விட்டுவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அது ஒரு 6 அயர்ன், உலோகத் தகட்டுத் தலை வைத்த மட்டை. மறுநாள் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருந்தது. தரையில் வைத்து மேலிருந்து பார்த்தபோதுதான் ஷாஃப்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரிந்தது. ஒட்டியதில் குறையில்லை, கோணலாக ஒட்டிவிட்டது, அவ்வளவுதான். சூடுபண்ணிக் கழற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். எப்பாக்ஸி இடைவெளியை நிரப்பும், ஷாஃப்டை நடுவில் நிறுத்தாது. நடுவில் நிறுத்துவது தனி வேலை. பசை கலக்குவதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

முதலில் அளவு

இந்தத் தொழிலில் அளவெல்லாம் அங்குலத்தில்தான் ஓடுகிறது, அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. அடிக்கடி கண்ணில் படும் நுனி அளவுகள் நான்கு: 0.335, 0.350, 0.355, 0.370. மில்லிமீட்டரில் இவை முறையே ஏறக்குறைய 8.5, 8.9, 9.0, 9.4. நெடுந்தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டைகளான டிரைவரிலும் ஃபேர்வே வுட்டிலும் 0.335 அல்லது 0.350 இருக்கும். வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிடில் பெரும்பாலும் 0.370. அயர்ன், குறுந்தூரத்துக்கான வெட்ஜ் என்றால் 0.355 அல்லது 0.370.

அயர்னில் இந்த இரண்டு அளவுக்கும் இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. 0.370 நுனி பேரலல் வகை, அதாவது நுனியிலிருந்து கொஞ்ச தூரம் வரை ஒரே பருமன். 0.355 டேப்பர் வகை. நுனியின் கடைசி முனையில்தான் அது 0.355, மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே போகும். அதற்கென்று செய்த ஹோசலின் துளையும் அதே மாதிரி கூம்பாக இருக்கும். டேப்பர் ஷாஃப்டை நேரான 0.370 துளைக்குள் விடும்போது ஆட்டம் அடியில் அதிகமாகவும் மேல் விளிம்பில் குறைவாகவும் இருப்பது இதனால்தான். மேலே பார்த்து "அட, கிட்டத்தட்ட சரியாகத்தானே இருக்கிறது" என்று ஏமாந்துவிட வேண்டாம். அடியில் ஷாஃப்ட் மணியின் நாக்கு மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாமல் வெர்னியர் காலிப்பரால் நீங்களே அளந்துகொள்ளுங்கள். டிஜிட்டல் காலிப்பர் இருந்தால் இன்னும் எளிது. ஷாஃப்டை நுனியில் ஒரு தடவை, அங்கிருந்து ஓர் அங்குலம் மேலே ஒரு தடவை, திருப்பி வைத்து மறுபடி ஒரு தடவை. இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தால் பேரலல். மேலே பெரிதாக வந்தால் டேப்பர். ஹோசலின் உள்விட்டத்தை அளக்கும் முன் உள்ளே பழைய எப்பாக்ஸி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரும் எண் பொய். காலிப்பரின் உள்வாய் துளைக்குள் சரியாக உட்காராவிட்டால், அளவு தெரிந்த டிரில் பிட்டின் தண்டுப் பகுதியை விட்டுப் பார்ப்பது நல்ல குறுக்குவழி. 9 மி.மீ. தண்டு தளர்வாகப் போய் 9.5 போகவில்லை என்றால் அது 0.370 துளை.

கால் மில்லிமீட்டருக்கும் குறைவான சந்து

0.355 நுனியை 0.370 துளையில் வைத்தால் வித்தியாசம் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஷாஃப்ட் நடுவில் நின்றால் ஒவ்வொரு பக்கமும் 0.19 மி.மீ. சாதாரண அச்சுத்தாள் இரண்டின் கனம், அவ்வளவே. 0.335 நுனியை 0.350 துளையில் வைத்தாலும் இதே கணக்குத்தான்.

இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். ஹோசலுக்குள் ஷாஃப்ட் ஏறத்தாழ 32 மி.மீ. ஆழம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரான நுனி ஒன்று அடியில் ஒரு பக்கமும் மேலே எதிர்ப்பக்கமும் சாய்ந்தால் கோணம் 0.7 டிகிரி வரை போகும். மட்டையின் மறுமுனையில் அது 11 மி.மீ. விலகலாகத் தெரியும். லை கோணத்திலோ (ஷாஃப்டுக்கும் தரைக்கும் இடையிலான கோணம்) லாஃப்டிலோ (மட்டை முகத்தின் சாய்வு) அந்தச் சாய்வு அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது உங்கள் அதிர்ஷ்டம். 0.335 நுனியை 0.370 துளையில் விட்டவர் கணக்கு இன்னும் மோசம்: சாய்வு 1.6 டிகிரி வரை வரலாம்.

கோணலைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. ஒரு பக்கம் ஷாஃப்ட் உலோகத்தில் நேராக உரசிக்கொண்டு, மறுபக்கம் பசை தடிமனாக நின்றால், உரசும் பக்கத்தில் பசையே கிட்டத்தட்ட இருக்காது. அடி விழும்போது சுமை எல்லாம் ஒரே இடத்தில் ஏறும். ஸ்டீல் ஷாஃப்ட் கொஞ்ச நாள் பொறுக்கும், பிறகு க்ளிக் க்ளிக் என்று சத்தம் கேட்கும். கார்பன் நாரால் ஆன கிராஃபைட் பொறுக்காது. ஹோசலின் மேல் விளிம்பு அழுத்தும் இடத்தில் நார் உடைந்து ஷாஃப்ட் முறியும். ஹெட் கழன்று பறந்தால் எதிரில் நிற்பவர் பாடு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதை வைத்து நிரப்புவது

சரியான பொருள் பித்தளை ஷிம். இந்த வேலைக்கென்றே செய்து விற்கும் மெல்லிய குழாய் அது. 0.335-லிருந்து 0.350-க்கு, 0.355-லிருந்து 0.370-க்கு, 0.335-லிருந்து 0.370-க்கு என்று ஜோடி அளவு குறிப்பிட்டே கிடைக்கும். டேப்பர் ஷாஃப்டுக்கு வாங்கும்போது அது டேப்பருக்கான கூம்பு ஷிம்தானா என்று கேட்டு வாங்குங்கள். நேர்க்குழாய் ஷிம்மை டேப்பரில் ஏற்றினால் பாதி வழியில் இறுகி நின்றுவிடும்.

ஷிம் கிடைக்காதவர்கள் குளிர்பானக் கேனை வெட்டிச் சுற்றுவது உண்டு. கேனின் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும். இரண்டு சுற்றுச் சுற்றினால் கணக்கு ஒத்துவருகிறது, தாளில். கையில் செய்து பார்த்தால் தகடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மேடு விழும், அந்த மேடே ஷாஃப்டை ஒரு பக்கம் தள்ளும். தகட்டின் மேலிருக்கும் அச்சு மையும் உள்ளிருக்கும் பூச்சும் எப்பாக்ஸியைப் பிடிக்க விடாது, இரண்டையும் தேய்த்து எடுக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதபடி சுற்றளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டிய இரண்டு துண்டுகளை, பிளவுகள் எதிரெதிர்ப் பக்கம் வரும்படி வையுங்கள். நான் அப்படி ஒரு பழைய வெட்ஜில் செய்திருக்கிறேன், இன்னும் தாங்குகிறது. ஆனாலும் அடுத்த தடவை ஷிம்தான் வாங்கினேன்.

காகிதம், நூல், மின்சார டேப் மூன்றும் கூடாது. காகிதமும் நூலும் பசையை உறிஞ்சி அமுங்கிக்கொடுக்கும். டேப்பின் பிசின் எப்பாக்ஸியை உலோகத்தைத் தொடவே விடாது.

எப்பாக்ஸியில் கலக்கும் நுண்கண்ணாடி மணிகளைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். மணல் போல இருக்கும். அளவு கிட்டத்தட்டப் பொருந்தி, நூலிழை ஆட்டம் மட்டும் மிச்சமிருக்கும் இடத்தில் இவை அருமையாக வேலை செய்யும். ஷாஃப்டைச் சுற்றிலும் மணிகள் நிற்பதால் பசைப் படலம் ஒரே கனமாக அமையும். 0.38 மி.மீ. சந்தை மணிகளால் மட்டும் அடைக்கப் பார்ப்பது வேறு விஷயம், அதற்கு அவை போதாது. ஷிம் போட்ட பிறகும் லேசாக ஆடுகிறதா, அப்போது ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளலாம்.

எப்பாக்ஸி விஷயத்தில் சிக்கனமும் அவசரமும் வேண்டாம். இரண்டு பகுதியாக வரும், 24 மணி நேரத்தில் இறுகும் வகையை எடுங்கள். அதிலும் கோல்ஃப் ஷாஃப்டுக்கென்று விற்பது கொஞ்சம் நெகிழ்ந்துகொடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட்டுவிடுங்கள். அது உடையக்கூடியது, அதோடு ஷாஃப்டை நேர்ப்படுத்த உங்களுக்கு அவகாசமே தராது.

இவை தவிர 80 அல்லது 120 எண் உப்புத்தாள், சின்ன உருண்டை அரம் அல்லது கம்பி பிரஷ், அசிட்டோன் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மாஸ்கிங் டேப், கையுறை, முகமூடி வேண்டும். கிராஃபைட் தூசு மூக்கில் போகக் கூடாது, முகமூடியைத் தவிர்க்காதீர்கள். ஹோசலுக்கு மேலே ஷாஃப்டைச் சுற்றி நிற்கும் பிளாஸ்டிக் வளையமான ஃபெர்ரூலும் புதிதாக ஒன்று வேண்டும். அதன் உள்விட்டம் ஷாஃப்டுக்கும் வெளிவிட்டம் ஹோசலுக்கும் பொருந்த வேண்டும். 0.370 ஹோசல் என்பதால் 0.370 ஃபெர்ரூல் வாங்கிவிட்டு, அது ஷாஃப்டில் வளையல் மாதிரி தொங்குவதைப் பார்த்து விழிப்பவர்கள் நிறைய.

ஹோசலும் நுனியும்

ஹோசலுக்குள் பழைய பசை துளிகூட இருக்கக் கூடாது. கம்பி பிரஷ்ஷைக் கையால் சுழற்றுங்கள், அடம் பிடிக்கும் பசையை அரத்தால் சுரண்டுங்கள். டிரில் பிட் பயன்படுத்துவதானால் மெஷினில் மாட்டாமல் கையில் பிடித்தே திருப்புங்கள். நமக்கு வேண்டியது துப்புரவு, துளை பெரிதாவது அல்ல. ஏற்கெனவே அது நமக்குப் பெரிதாகத்தானே இருக்கிறது! சுத்தமானதும் துணித்துண்டில் அசிட்டோன் நனைத்து உள்ளே விட்டுத் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். ஹெட்டின் பெயின்டில் அசிட்டோன் பட்டால் நிறம் போய்விடும், பார்த்துச் செய்யுங்கள்.

ஹோசல் வாயின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி வைத்து லேசாகச் சரிவாக்குங்கள். கிராஃபைட் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். ஷாஃப்ட் வளையும்போது அந்தக் கூர்விளிம்புதான் முதலில் கடிக்கும்.

அடுத்து ஷாஃப்ட். எவ்வளவு ஆழம் இறங்கும் என்று ஒரு பென்சிலை ஹோசலுக்குள் விட்டு அளந்து, அந்த அளவை ஷாஃப்டில் குறித்து, குறிக்கு மேலே மாஸ்கிங் டேப் சுற்றிவிடுங்கள். டேப்புக்குக் கீழே மட்டும்தான் தேய்க்க வேண்டும். ஸ்டீல் என்றால் குரோம் பளபளப்பு முழுதாகப் போய் மங்கலான சாம்பல் நிறம் வரும் வரை நன்றாகத் தேய்க்கலாம். பளபளப்பின் மேல் பசை பிடிக்காது.

கிராஃபைட்டில் கை மென்மையாக இருக்கட்டும். மேலே இருக்கும் பெயின்டும் வார்னிஷும் போனால் போதும். கறுப்புத் தூசு வரத் தொடங்கினால் நாரைத் தொட்டுவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். நீளவாக்கில் இழுத்துத் தேய்க்காமல் சுற்றுவாக்கில், உப்புத்தாளை ஷாஃப்டின் மேல் சுற்றிப் பிடித்துத் தேய்ப்பது நல்லது, ஒரே சீராக வரும். பெயின்ட் போனபின் நுனியின் அளவு குறையும் என்பதால் காலிப்பரால் மறுபடி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த ஷிம் இப்போதும் சரியா என்று அப்போதுதான் தெரியும்.

டேப்பர் நுனி மெலிந்திருக்கிறதே, கொஞ்சம் நறுக்கிவிட்டால் பருமனான இடம் வந்துவிடும் அல்லவா என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். டேப்பர் ஷாஃப்ட் ஒவ்வொரு அயர்னுக்கும் தனித்தனி நீளத்தில் செய்யப்படுவது, நுனியில் வெட்டுவதற்கானது அல்ல. வெட்டினால் ஷாஃப்ட் விறைப்பாகும், நீளமும் போகும். நுனியில் வெட்டி விறைப்பைச் சரிசெய்வது பேரலல் ஷாஃப்டின் வழக்கம்.

ஒட்டாமல் ஒரு ஒத்திகை

இந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்களோ அவ்வளவு நேரம் பின்னால் மிச்சம்.

ஷிம்மை முதலில் ஹோசலின் ஆழத்தோடு ஒப்பிட்டு வெட்டுங்கள். ஷிம்மின் மேல் முனை ஹோசல் வாய்க்கு ஏறக்குறைய 3 மி.மீ. கீழே நிற்கட்டும். வாய் வரை வந்தாலோ வெளியே எட்டிப் பார்த்தாலோ பித்தளையின் மெல்லிய விளிம்பு கத்தி மாதிரி ஷாஃப்டை அறுக்கும். சரிவாக்கிய விளிம்பினால் கிடைத்த பலனும் போய்விடும். வெட்டிய இடத்தில் பிசிர் இருக்கும், அதை உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள். பிறகு ஷிம்மின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கீறல் விழும்படி தேய்த்து ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு உள்பக்கத்தை மறப்பது சகஜம். பசைக்கு இங்கே இரண்டு படலம் இருக்கிறது. ஷாஃப்டுக்கும் ஷிம்முக்கும் நடுவே ஒன்று, ஷிம்முக்கும் ஹோசலுக்கும் நடுவே இன்னொன்று. எது விட்டாலும் ஹெட் கழன்றுவிடும்.

இப்போது வரிசை. ஃபெர்ரூல் முதலில், ஷிம் அப்புறம். எழுதும்போது இவ்வளவு சாதாரணமாகத் தெரிகிற இதை நான் இரண்டு தடவை மாற்றிச் செய்து, பசை பூசிய ஷிம்மைக் கழற்றி, கையெல்லாம் பிசுபிசுக்க ஃபெர்ரூலைத் தேடியிருக்கிறேன். ஃபெர்ரூலைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் இளகும். மாஸ்கிங் டேப்பை எடுத்துவிட்டு, ஃபெர்ரூலின் ஈரத்தைத் துடைத்து ஷாஃப்டில் ஏற்றி, அதன் கீழ்விளிம்பு ஆழக் குறியில் நிற்கும் வரை தள்ளுங்கள். டேப்பர் ஷாஃப்டில் மேலே போகப் போக இறுகும், ஒரு மரக்கட்டையில் ஷாஃப்ட் அளவுக்குத் துளையிட்டு அதனால் தட்டித் தள்ளலாம்.

ஷிம்மைப் போட்டு, பசை இல்லாமல் ஹெட்டை மாட்டிப் பாருங்கள். எப்படி இருக்க வேண்டும் என்றால், கையால் அழுத்தினால் மெதுவாக இறங்க வேண்டும், திருப்பினால் திரும்ப வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. சுத்தியலால் தட்டித்தான் இறங்குகிறது என்றால் அதுவும் தவறுதான். இறுக்கமாக இறங்கும் ஷாஃப்ட் பசையை எல்லாம் வழித்து வெளியே தள்ளிவிடும், உள்ளே வெறும் உலோகம்தான் மிஞ்சும். அப்போது ஷிம்மின் வெளிப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்து மெலிதாக்குங்கள்.

ஆழமும் சரிபாருங்கள். ஹெட் அந்தக் குறி வரை வந்து ஃபெர்ரூலைத் தொட வேண்டும். முன்னதாகவே நின்றால் ஷிம் மடங்கியிருக்கும், அல்லது ஹோசலின் அடியில் ஏதாவது இருக்கும். கடைசியாக ஹெட்டைத் தரையில் வைத்து ஷாஃப்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். மேல்முனை வட்டம் போட்டால் நடுவில் நிற்கவில்லை. ஒரே இடத்தில் நின்றால் எப்பாக்ஸி கலக்க நேரம் வந்துவிட்டது.

ஒட்டும் நேரம்

எப்பாக்ஸியின் இரண்டு பகுதியையும் உறையில் சொன்ன விகிதத்தில் எடுங்கள். பெரும்பாலும் சரிபாதி. கண்ணளவு வேண்டாம், விகிதம் தவறினால் எத்தனை நாள் வைத்தாலும் ரப்பர் மாதிரியே இருக்கும். நிறம் ஒரே சீராகும் வரை கலக்குங்கள். பிறகும் ஒரு நிமிடம் கலக்குங்கள். மணி சேர்ப்பதானால் இப்போது.

மெல்லிய குச்சியால் ஹோசலின் உள்சுவரில் பூசுங்கள். சுவரில், அடியில் அல்ல. அடியில் குளம் கட்டினால் ஷாஃப்டை இறக்கும்போது பசை அதன் உட்குழிக்குள் ஏறும், காய்ந்தபின் ஒரு துண்டு பெயர்ந்து ஒவ்வொரு வீச்சுக்கும் கலகலவென்று சத்தம் கொடுக்கும். கேட்பவர் மட்டை உடைந்துவிட்டது என்றே நினைப்பார். ஷாஃப்ட் நுனியில் ஒரு படலம், ஷிம்முக்குள் ஒரு படலம், ஷிம்மை ஏற்றியபின் அதன் மேல் ஒரு படலம். கஞ்சத்தனம் வேண்டாம், வழிவதைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஹெட்டை மாட்டும்போது நேராக அழுத்தாமல் திருப்பித் திருப்பி இறக்குங்கள். காற்றுக்குமிழிகள் வெளியேறும், பசை எல்லாப் பக்கமும் பரவும். கிரிப் (கைப்பிடி உறை) ஏற்கெனவே மாட்டிய ஷாஃப்ட் என்றால் கிரிப்பின் தலையில் இருக்கும் சின்னத் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சிக்கிய காற்று போக வழியில்லை என்றால் ஷாஃப்டை மெல்ல மேலே தள்ளும். அடியைத் தொட்டதும் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்துத் தரையில் மெதுவாக இரண்டு தட்டு. வழிந்த பசையை ஆல்கஹால் துணியால் துடையுங்கள். ஃபெர்ரூலுக்கும் ஹோசலுக்கும் நடுவே கீற்று இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

ஷாஃப்டில் பெயரோ படமோ இருந்தால் அதை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். ஹெட்டை அடிக்கும் நிலையில் வைத்து மேலிருந்து, பிறகு முகத்துக்கு எதிரிலிருந்து என்று இரண்டு திசையில் பாருங்கள். முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். ஷிம் சரியாகப் பொருந்தியிருந்தால் ஷாஃப்ட் நகராது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பதில் நட்டமில்லை.

ஹெட் கீழே, ஷாஃப்ட் மேலே இருக்கும்படி சுவர் மூலையில் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த அறையில் இன்னும் அதிக நேரம் பிடிக்கும். கலந்ததில் மீந்த எப்பாக்ஸியைத் தூக்கி எறியாமல் அட்டையிலேயே வைத்திருங்கள். மறுநாள் அதில் நகத்தை அழுத்திப் பாருங்கள். அங்கே பதிந்தால் ஹோசலுக்குள்ளும் இன்னும் இறுகவில்லை.

எடை, நீளம்

பித்தளை ஷிம் தன் எடையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 32 மி.மீ. நீளமுள்ள 0.355–0.370 ஷிம் ஏறக்குறைய ஒன்றரை கிராம். 0.335-லிருந்து 0.370 என்றால் மூன்று கிராமுக்கு மேல். ஹெட் பக்கம் 2 கிராம் கூடினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதன் அளவு) ஒரு புள்ளி ஏறும் என்பது மட்டை செய்பவர்களின் பழைய கணக்கு. ஒரே ஒரு அயர்னுக்கு மட்டும் ஷிம் போட்டால் அது மற்றவற்றைவிடக் கையில் கொஞ்சம் கனமாகத் தெரியலாம். பெரும்பாலோருக்குத் தெரியாது, உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரிந்ததில்லை. முழு செட்டுக்கும் போட்டால் எல்லாம் சேர்ந்து ஏறுவதால் பிரச்சினையே இல்லை.

நீளத்தை வெட்டுவது ஹெட் ஒட்டிக் காய்ந்த பிறகுதான், அதுவும் கிரிப் பக்கத்தில். டிரைவருக்கு நீளமான ஷாஃப்ட் மாட்டுகிறவர்கள் கவனிக்க: பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் தவிர எந்த மட்டையும் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. அமைப்புகள் இரண்டின் விதி. 2022 முதல் போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் அதை 46 அங்குலமாகக் குறைக்க உள்ளூர் விதி கொண்டுவரலாம்.

இதற்கு ஷிம் மருந்தல்ல

டிரைவருக்கான 0.335 கிராஃபைட் ஷாஃப்ட் சும்மா கிடக்கிறது, ஒரு ஷிம் போட்டு வெட்ஜில் மாட்டினால் என்ன? அளவு ஒத்துவரும், ஒட்டும், நேராகவும் நிற்கும். ஆனால் டிரைவர் ஹெட் 200 கிராம் வாக்கில் இருக்கும், வெட்ஜ் ஹெட் 300 கிராம் வாக்கில். டிரைவர் பந்தை டீ என்ற சிறு முளையின் மேல் வைத்து அடிக்கிறது, வெட்ஜ் மண்ணில் இறங்குகிறது. அந்த மெல்லிய நுனி இந்த அடிக்காகச் செய்யப்பட்டதல்ல. பசை தாங்கும், ஷாஃப்ட் தாங்காது. ஷிம் பருமனைத்தான் சரிசெய்யும், பலத்தை அல்ல.

நுனியில் நீளவாக்கில் விரிசல் தெரியும் கிராஃபைட், ஹோசலில் கீறல் விட்ட ஹெட், துளை முட்டை வடிவத்தில் தேய்ந்துபோனது, இவற்றிலும் நேரத்தை வீணாக்க வேண்டாம். நிலைமை தலைகீழாக, ஷாஃப்ட் பெரிதாகவும் துளை சின்னதாகவும் இருந்தால் அது வேறு வேலை. ஹோசலைக் குடைந்து பெரிதாக்க வேண்டும், அதற்குத் துளையிடும் மெஷினும் பழகிய கையும் தேவை. கிராஃபைட்டைச் சுரண்டி மெலிதாக்கி நுழைப்பது அதற்கு மாற்று அல்ல.

முதல் அடிக்கு முன்

காய்ந்த மட்டையில், ஹோசலும் ஃபெர்ரூலும் ஷாஃப்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றையும் தொடும்படி மார்க்கரால் மெல்லிய நேர்க்கோடு ஒன்று போடுங்கள். ஹெட்டை ஒரு கையால் இறுகப் பிடித்துக் கிரிப்பை மறு கையால் முறுக்கிப் பாருங்கள். கோடு விலகக் கூடாது. பிறகு யாரும் எதிரில் இல்லாத இடத்தில் பத்துப் பதினைந்து சின்ன சிப் அடிகள், அடுத்து அரை வீச்சு, அதற்கப்புறம்தான் முழு வீச்சு. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தாலோ, ஃபெர்ரூலுக்குக் கீழே புதிதாக ஒரு கீற்றுத் தெரிந்தாலோ, கையில் க்ளிக் என்று உணர்ந்தாலோ அந்த மட்டையை உடனே பைக்குள் வைத்துவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு அடி என்று ஆசைப்படாதீர்கள்.

கழற்ற வேண்டி வந்தால் ஹோசலை ஹீட் கன்னால் சூடாக்குங்கள், எப்பாக்ஸி இளகும். ஸ்டீல் என்றால் திருகி இழுக்கலாம். கிராஃபைட்டைத் திருகவே கூடாது, ஷாஃப்ட் புல்லர் என்ற இழுகருவியில் நேராக இழுக்க வேண்டும். ஷாஃப்ட் வந்த பிறகும் ஷிம் பல தடவை உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹோசல் சூடு ஆறுவதற்குள் மூக்கு நீண்ட குறடால் அதன் விளிம்பைப் பிடித்து உள்பக்கமாகச் சுருட்டினால் பழைய தோல் மாதிரி கழன்று வந்துவிடும். அந்த ஷிம்மை மறுபடி பயன்படுத்த முடியாது.